ஓடிக்கொண்டிருந்த டெஸ்க்டாப்புக்குள் ஒரு ஜாடி தண்ணீர் போய்விட்டது, அடுத்து என்ன செய்வது?

தென்றல்காற்று எழுதியது:

வணக்கம் நண்பர்களே, போனிலிருந்து அவசரமாக எழுதுகிறேன், விவரங்கள் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கேபினெட் மேசைக்குப் பக்கத்தில் தரையில் நிற்கிறது, அதன் மேல்பக்கம் முழுக்க வலை போட்ட காற்றுத் துளைகள்தான். மேசையில் இருந்த தண்ணீர் ஜாடி சரிந்து, ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் அந்த வலை வழியாக நேரே உள்ளே போய்விட்டது. கம்ப்யூட்டர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஓரிரு நொடி எதுவும் ஆகவில்லை, அப்புறம் திரை கருத்துப்போய் ஃபேன் எல்லாம் ஒன்றாக நின்றுவிட்டது. புகை வரவில்லை, கருகிய வாடையும் இல்லை.

சுவர் சுவிட்சை அணைத்துவிட்டேன். யூபிஎஸ் மட்டும் பீப் அடித்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே ஒரு எம்.2 எஸ்எஸ்டி, ஒரு 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் இருக்கின்றன. அக்காவின் ஆய்வேடு அந்த ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது, இன்னும் சமர்ப்பிக்கவில்லை. அவள் கையில் இருக்கும் வேறு பிரதி மிகவும் பழையது. அதனால் முதலில் தெரிய வேண்டியது இதுதான்: ஒரே ஒரு தடவை ஆன் செய்து அந்த ஃபோல்டரை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு உடனே அணைத்துவிடலாமா? ஹேர் டிரையர் வைத்துக் காயவைக்கலாமா? அரிசிக்குள் வைக்கச் சொல்கிறார்களே, கேபினெட்டுக்கும் அது சரிவருமா?

---

மின்கம்பி எழுதியது:

ஆன் செய்யாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

யூபிஎஸ் பீப் அடிக்கிறது என்றால் அது பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சுவர் சுவிட்சை அணைத்ததால் அதற்கு மின்தடை வந்ததாகத்தான் தெரியும், அது தன் வேலையைச் செய்கிறது, உங்கள் நனைந்த கம்ப்யூட்டருக்கு இந்த நிமிடம் வரை கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. முதலில் யூபிஎஸ்ஸின் முன்பக்க பட்டனை அழுத்திப் பிடித்து அதை முழுக்க அணையுங்கள். அதற்கும் முன்னால் தரையைப் பாருங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். ஜங்ஷன் பாக்ஸோ யூபிஎஸ்ஸோ நனைந்திருந்தால் அவற்றைத் தொடாமல் அந்த அறைக்கான பிரேக்கரையே மெயின் போர்டில் இறக்கிவிடுங்கள். யூபிஎஸ்ஸுக்குள்ளேயே தண்ணீர் போயிருந்தால் பிரேக்கரை இறக்கினாலும் அதன் பேட்டரி உயிரோடுதான் இருக்கும், அதைத் திறக்கவோ தூக்கவோ வேண்டாம், தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

யூபிஎஸ் காய்ந்த இடத்தில் இருந்து அதை அணைத்தும் ஆகிவிட்டது என்றால், காய்ந்த கையோடு கேபினெட்டின் பின்னால் இருக்கும் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். மானிட்டர், நெட்வொர்க் கேபிள், பிரிண்டர், எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பிரிண்டரும் மானிட்டரும் தனி மின்சாரத்தில் ஓடுபவை, அவற்றின் கேபிள் வழியாகவும் போர்டுக்குக் கொஞ்சம் மின்னழுத்தம் வரக்கூடும்.

---

தென்றல்காற்று எழுதியது:

யூபிஎஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. அது சற்றுத் தள்ளி ஸ்டூல் மேல் இருக்கிறது, நனையவில்லை. அணைத்துவிட்டேன். எல்லாக் கேபிளும் கழற்றியாகிவிட்டது. அடுத்து?

---

பழுதுபார்ப்பவன் எழுதியது:

போர்டு ரிப்பேர்தான் என் தொழில். நனைந்து வரும் டெஸ்க்டாப்புகளைத் தொடர்ந்து பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பிழைத்துவிட வாய்ப்பு நிறையவே இருக்கிறது. ஏன் என்று புரிந்துகொண்டால் எதைச் செய்வது, எதைச் செய்யக்கூடாது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மின்சாரம் இல்லாத போர்டைத் தண்ணீர் பெரிதாக ஒன்றும் செய்யாது. போர்டு தயாரிக்கும் இடங்களிலேயே பல வகைப் போர்டுகளைத் தண்ணீரில் கழுவித்தான் வெளியே அனுப்புகிறார்கள். சேதம் வருவது இரண்டும் சேரும்போதுதான். மிகச் சுத்தமான நீர் மின்சாரத்தைக் கடத்துவது மிகமிகக் குறைவு, ஆனால் குழாய்த் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன, அது ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாகக் கடத்தும். போதாததற்கு உங்கள் கேபினெட்டில் சேர்ந்திருக்கும் தூசியையும் கரைத்துக்கொண்டு இறங்கியிருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பின்களில் ஒன்று 12 வோல்ட், இன்னொன்று கிரவுண்ட் என்று வையுங்கள், நடுவில் ஒரு சொட்டு நின்றால் அங்கே மின்பகுப்பு ஆரம்பித்துவிடும், செம்பு கரைந்து ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் நகரும். பச்சையாகப் பூத்துக் கிடக்கும் போர்டுகளைப் பார்த்திருப்பீர்கள், அது இப்படி வந்ததுதான். ஷார்ட் ஆகி உடனே போகிற பாகங்கள் உண்டு, ஆனால் ஈரத்தோடு ஆன் செய்து ஆன் செய்து பார்த்ததால் போன போர்டுகள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. ஒரே ஒரு தடவை என்று கேட்டீர்களே, அந்த ஒரு தடவை ஹார்ட் டிஸ்கின் அடியில் இருக்கும் சின்ன போர்டுக்கும் சேர்த்துத்தான் கரண்ட் போகும். அக்காவின் ஆய்வேடு இப்போது பத்திரமாக இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன், அதைப் பத்திரமாகவே விட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டர் தானாக நின்றது நல்ல அறிகுறி. ஷார்ட் தெரிந்ததும் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்படி வடிவமைத்திருப்பார்கள், அது வேலை செய்திருக்கலாம். இருந்தாலும் பிளக் செருகியிருந்த வரைக்கும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்று ஒன்று போர்டில் இருந்துகொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் இருக்கும். அதனால்தான் மின்கம்பி கேபிளைப் பிடுங்கச் சொன்னார்.

இனி வேலை. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சுவிட்சையும் அணைத்துவிட்டு, கேபினெட்டின் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்னூட்டம் வடியும். பக்கக் கதவைக் கழற்றுங்கள். எதையும் தொடும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள், கையில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். அப்படியே ஒவ்வொரு கோணத்திலும் போட்டோ எடுங்கள், முக்கியமாக முன்பக்கப் பேனலிலிருந்து வரும் பொடிப்பொடி ஒயர்களை, அவற்றைத் திரும்ப மாட்டும்போதுதான் எல்லோரும் திணறுவார்கள்.

முதலில் வெளியே வர வேண்டியது மதர்போர்டில் இருக்கும் அந்தப் பொத்தான் பேட்டரி, சிஆர்2032. அது 3 வோல்ட்தான், ஆனால் கடிகாரத்துக்காக எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாக் கேபிளையும் கழற்றிய பிறகும் போர்டில் மின்சாரம் இருக்கிறது என்றால் அது இதனால்தான், இதை மறந்துவிட்டு நாள்கணக்கில் காயவைப்பவர்கள் நிறையப் பேர். பேட்டரியை ஒட்டிய தடங்கள் மட்டும் அரித்துப்போன போர்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கிராபிக்ஸ் கார்டு, ராம், எம்.2, ஹார்ட் டிஸ்க், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டை விடுவிக்காமல் கார்டை இழுக்க வேண்டாம். உள்ளே என்ன பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள், தண்ணீர் எந்த வழியாக இறங்கியது என்று தெரிந்தால் எதை நம்பலாம் என்று சொல்கிறேன்.

---

தென்றல்காற்று எழுதியது:

கழற்றிவிட்டேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். மேல் ஃபேன் இரண்டும் நனைந்திருக்கின்றன. கிராபிக்ஸ் கார்டு படுக்கைவாட்டில் இருந்ததால் தண்ணீரில் பெரும்பகுதி அதன் மேல் விழுந்திருக்கிறது. அதன் முதுகில் உலோகத் தகடு இருக்கிறது, சாய்த்தால் தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவிலிருந்து ஒழுகுகிறது. அந்தக் கார்டு செருகியிருந்த ஸ்லாட்டின் உட்பக்கம் ஒரு சொட்டு கண்ணாடி மாதிரி நிற்கிறது, மதர்போர்டைத் தட்டினாலும் விழவில்லை. ராம் ஸ்லாட் பக்கம் ஈரம் தெரியவில்லை. பிராசஸர் கூலரின் தகடுகளுக்குள் தூசி நனைந்து சேறாக இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ் கீழே இருக்கிறது, ஃபேன் மேல்பக்கம் பார்த்தபடி மாட்டியிருக்கிறார்கள். அந்த ஃபேன் இறக்கைகளில் தண்ணீர் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் முன்பக்கம் கூண்டில் இருந்தது, மேல் மூடியில் சில துளிகள், அடிப்பக்கம் காய்ந்த மாதிரிதான் தெரிகிறது. எம்.2 கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே இருந்தது, அதன் ஹீட்சிங்க் (சூட்டை இறக்கும் உலோகத் தகடு) மேல் ஈரம்.

---

பழுதுபார்ப்பவன் எழுதியது:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். தட்டினாலும் விழாத சொட்டு என்று எழுதினீர்களே, அதுதான் இதில் சிக்கலான இடம். குறுகலான சந்துகளில் தண்ணீர் நுண்புழை ஈர்ப்பால் ஏறி உட்கார்ந்துகொள்ளும், ஸ்லாட்டுக்குள், எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கேபிள் செருகும் 24 பின் கனெக்டருக்குள், சிப்களுக்கு அடியில். வெளியே தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும், அடியில் அப்படியே இருக்கும். 'நேற்றே காய்ந்துவிட்டது, ஆனால் ஆன் செய்ததும் போய்விட்டது' என்று வருகிறவர்கள் கதை இதுதான்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது. ஃபேன் மேலே பார்த்து இருந்திருக்கிறது, நேராக உள்ளே போயிருக்கிறது. அதைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கலாம், பழுதான யூனிட்டில் எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளுக்குள் போன ஈரம் வெளியே வரவும் வெகுநேரம் பிடிக்கும். ஒரு எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போகும்போது சும்மா போனால் பரவாயில்லை, தன்னோடு போர்டையும் டிஸ்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகக்கூடும். நனைந்த எஸ்எம்பிஎஸ்ஸை நான் யாருக்கும் திரும்ப மாட்டிக் கொடுப்பதில்லை. புதிதாக ஒன்று வாங்குங்கள், அல்லது சோதனைக்கு மட்டுமாவது தெரிந்தவர்களிடம் நல்லது ஒன்றை இரவல் வாங்குங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளை, அதாவது இரண்டு பக்கமும் கழற்றக்கூடிய கேபிளைப் புதியதில் செருகிவிட வேண்டாம், முனை பொருந்தும், ஆனால் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் மாடலுக்கு மாடல் வேறுபடும்.

மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து கழற்றிச் சாய்வாக நிறுத்தி வையுங்கள், படுக்கப் போடாதீர்கள். கிராபிக்ஸ் கார்டின் முதுகுத் தகட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், சில கார்டுகளில் அந்தத் தகட்டின் ஸ்குரூவே கூலரையும் பிடித்திருக்கும். கூலர் அசைந்தால் தெர்மல் பேஸ்ட் புதிதாக வைக்க வேண்டும், அதுவும் தெரிந்துகொண்டு கழற்றுங்கள். பிராசஸர் கூலரின் அடியில் ஈரம் போனதாகத் தோன்றினால் அதையும் எடுத்து, சாக்கெட்டுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். சாக்கெட்டின் பின்களை விரலாலோ துணியாலோ தொடவே கூடாது, மயிரிழை மாதிரி இருப்பவை, வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு.

ஹேர் டிரையர் வேண்டாம். சூடு ஒருபக்கம் இருக்கட்டும், அது வெளியே நிற்கும் தண்ணீரை ஊதி ஸ்லாட்டுக்கும் சிப் அடிக்கும் தள்ளும். வாக்குவம் கிளீனர் முனையில் நிலைமின்சாரம் சேரும், அதுவும் வேண்டாம். அரிசியால் ஒரு பயனும் இல்லை, ஸ்லாட்டுக்குள் நிற்கும் நீரை அது எட்டியே பார்க்காது, மாவுத் தூசியைத்தான் சேர்க்கும். சாதாரண மேசை ஃபேன் காற்று, நிழலான காற்றோட்டமான இடம், இரண்டு மூன்று நாள் பொறுமை. உச்சி வெயிலில் வைக்க வேண்டியதில்லை.

---

நிழல்மரம் எழுதியது:

எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. வெறும் தண்ணீர்தானே, காயவைத்தால் போதும் என்று விட்டால் பின்னால் பிரச்சினை வரும். தண்ணீர் ஆவியாகிப் போகும், அதில் கரைந்திருந்த உப்பும் தூசியும் போகாது, அதே இடத்தில் வெள்ளைப் படலமாக உட்கார்ந்துவிடும். காற்றில் ஈரப்பதம் ஏறும்போதெல்லாம் அந்தப் படலம் ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி கடத்த ஆரம்பிக்கும். அதனால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தே ஆகவேண்டும் என்பேன்.

---

பழுதுபார்ப்பவன் எழுதியது:

நிழல்மரம் சொல்வது சரி, நானே எழுதியிருக்க வேண்டும். நனைந்த இடங்களை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள், ஸ்லாட்டுகளுக்குள் ஊற்றி அலசிச் சாய்த்துவிடலாம். அது தண்ணீரோடு கலந்து அதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு ஆவியாகும். கை கழுவப் பயன்படுத்தும் 70 சதவீத ரகத்தை இதற்கு எடுக்காதீர்கள், மீதி 30 சதவீதம் தண்ணீர்தான், கிருமிநாசினி ஜெல் என்றால் அதில் பசையும் வாசனையும் வேறு கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்துவையுங்கள். சாதாரண அறை வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ ஹீட்டரோ கூடாது.

ஆல்கஹாலுக்கு ஒரு எல்லையும் உண்டு. படிந்த உப்பை அது அவ்வளவாகக் கரைக்காது, அதற்குத் தண்ணீரே வேண்டும். படலம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் முதலில் டிஸ்டில்ட் வாட்டரில் அந்த இடத்தை அலசிவிட்டு, பிறகு ஆல்கஹால். தண்ணீர் பட்டதற்கு மறுபடி தண்ணீரா என்று பயப்பட வேண்டாம், பேட்டரி உட்பட எல்லாம் கழற்றியிருக்கும் வரை ஆபத்தில்லை.

---

வழிப்போக்கர் எழுதியது:

நடுவில் ஒரு கேள்வி. கொட்டியது தண்ணீராக இல்லாமல் சர்க்கரை போட்ட பானமாக இருந்தால் இதே முறைதானா?

---

நிழல்மரம் எழுதியது:

அதே முறைதான், ஆனால் டிஸ்டில்ட் வாட்டர் அலசல் அப்போது கட்டாயம். சர்க்கரை காய்ந்தால் பசையாகும், ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. பால் கலந்தது என்றால் கொழுப்பும் சேரும். புளிப்பான பானங்கள் அமிலம், அவை மின்சாரம் இல்லாமலேயே உலோகத்தை அரிக்க ஆரம்பிக்கும், அங்கே இரண்டு மூன்று நாள் சும்மா காயவைப்பது தவறு, அன்றைக்கே அலசிவிட வேண்டும்.

---

தரவுக்காவலன் எழுதியது:

கம்ப்யூட்டர் பிழைப்பதும் ஆய்வேடு பிழைப்பதும் தனித்தனி விஷயம். தென்றல்காற்று, உங்களுக்கு ஆய்வேடு முக்கியம் என்றால் மதர்போர்டு காயும் வரை காத்திருக்கவே வேண்டியதில்லை.

ஹார்ட் டிஸ்கைப் பற்றி முதலில். மூடிக்கு மேல் சில துளிகள் என்றீர்கள். மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கிறதா, 'இதை மூடாதே' என்ற மாதிரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காற்று நிரப்பிய டிஸ்குகளில் உள்ளழுத்தத்தைச் சமன்படுத்த அந்தத் துளை உண்டு, உட்பக்கம் வடிகட்டி இருக்கும். ஹீலியம் நிரப்பியவற்றில் அது கிடையாது, அவை முழுக்க அடைத்தவை. துளை இருந்து, அதன் மேலேயே தண்ணீர் நின்றிருந்தால் டிஸ்குக்கு மின்சாரமே கொடுக்காதீர்கள், தரவு மீட்பவர்களிடம் போய்விடுங்கள். துளிகள் வேறு ஓரத்தில் இருந்தன என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்து அடிப்பக்கம். அங்கே தெரியும் பச்சை போர்டில் பெரும்பாலான டிஸ்குகளில் பாகங்கள் எல்லாம் உட்பக்கம் பார்த்தபடி இருக்கும், வெளியே தெரிவது வெறும் முதுகு. போர்டுக்கும் டிஸ்கின் உடலுக்கும் நடுவில் மெல்லிய பஞ்சு மாதிரி ஒரு தாள் இருக்கும், ஓரமாக இறங்கிய தண்ணீரை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் காய்ந்த மாதிரிதான் தெரியும். எனவே போர்டு பக்கம் வெளியே தெரியும்படி நிறுத்தி, ஃபேன் காற்றில் இரண்டு நாளாவது வையுங்கள். டிஸ்கின் மேல் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், படிக்கும் தலை தகட்டிலிருந்து மிதக்கும் உயரம் ஒரு தூசியின் அளவைவிட மிகக் குறைவு.

காய்ந்த பிறகு அதை இந்தக் கம்ப்யூட்டரில் சோதிக்க வேண்டாம். வேறு நல்ல கம்ப்யூட்டரில், யூஎஸ்பி அடாப்டர் வழியாகச் செருகுங்கள். 3.5 இன்ச் டிஸ்குக்கு 12 வோல்ட் தேவை, வெறும் யூஎஸ்பி கேபிளால் அதைச் சுழற்ற முடியாது, தனி பவர் அடாப்டரோடு வரும் டாக் வாங்குங்கள். சுழன்று வந்ததும் முதலில் ஆய்வேடு ஃபோல்டரை மட்டும் நகலெடுங்கள், ஸ்கேன், பழுதுநீக்கும் மென்பொருள் எதையும் அதற்கு முன் ஓட்டாதீர்கள். டக் டக் என்ற சத்தம் வந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள், மறுபடி மறுபடி முயன்றால் மீட்க முடிவதும் போய்விடும்.

எம்.2 எஸ்எஸ்டிக்கு அசையும் பாகம் இல்லை, ஹீட்சிங்கைக் கழற்றி ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்தால் போதும். அதற்கும் யூஎஸ்பி பெட்டிகள் உண்டு, ஆனால் என்விஎம்இ, சாட்டா என்று இரண்டு வகை, உங்களுடையது எது என்று ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள். இன்னொரு விஷயம், விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் வசதி) போட்டிருந்தால் வேறு கம்ப்யூட்டரில் செருகியதும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். நீங்கள் தெரிந்து போடாவிட்டாலும் புதிய கம்ப்யூட்டர்களில் தானாகவே இயங்கியிருக்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி சேமித்திருக்கிறதா என்று இப்போதே போனில் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் பேட்டரியைக் கழற்றியதால் பயாஸ் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்புகள் அழிந்திருக்கும், அதனால் பழைய கம்ப்யூட்டரே மறுபடி ஓடினாலும் சாவி கேட்கலாம்.

---

தென்றல்காற்று எழுதியது:

எல்லோருக்கும் பெரிய நன்றி. நல்ல செய்தி முதலில்: மூடித் துளைக்குப் பக்கத்தில் துளி எதுவும் இல்லை, டிஸ்க் நன்றாகக் காய்ந்த பிறகு தோழியின் கம்ப்யூட்டரில் டாக் வழியாகப் போட்டோம், ஆய்வேடு முழுசாக வந்துவிட்டது. இரண்டு பிரதி எடுத்துத் தனித்தனி இடத்தில் வைத்தாயிற்று. அக்கா அழுதேவிட்டாள்.

பாகங்கள் எல்லாம் அலசித் துடைத்து ஃபேன் காற்றில் இருக்கின்றன. புது எஸ்எம்பிஎஸ் வாங்கியாகிவிட்டது. இனி எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்யலாமா, அல்லது அதற்கும் ஒரு முறை இருக்கிறதா?

---

பழுதுபார்ப்பவன் எழுதியது:

ஆய்வேடு வந்துவிட்டது என்று படித்ததும் எனக்கே மனம் லேசாகிவிட்டது.

முறை இருக்கிறது, எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டாதீர்கள். மதர்போர்டைக் கேபினெட்டுக்கு வெளியே, அது வந்த அட்டைப்பெட்டி மேலேயே வையுங்கள், வெள்ளித் தாள் பை மேல் வேண்டாம், அந்த வகைப் பைகளின் வெளிப்பக்கம் ஓரளவு கடத்தும். ஆரம்பிக்கும் முன் கிராபிக்ஸ் கார்டு செருகும் பிசிஐஇ ஸ்லாட்டையும் 24 பின் சாக்கெட்டையும் போன் டார்ச் அடித்துக் கடைசியாக ஒரு தடவை பாருங்கள். பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், புது எஸ்எம்பிஎஸ், இவ்வளவுதான் முதலில். பிராசஸரில் உள்ளடங்கிய கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டரை மதர்போர்டில் செருகுங்கள், நன்றாக நனைந்த அந்தக் கார்டு இப்போதைக்குத் தள்ளி இருக்கட்டும். டிஸ்க், எஸ்எஸ்டி எதுவும் வேண்டாம்.

சுவர் சுவிட்சைப் போட்டதும் பவர் பட்டனுக்குப் போகாமல் சில நிமிடம் காத்திருங்கள். ஸ்டாண்ட்பை விளக்கு இருக்கும் போர்டு என்றால் அது எரியும். கருகிய வாடை, சீறல், ஏதாவது ஒரு சிப் மட்டும் சூடு, இவற்றில் எது இருந்தாலும் உடனே அணையுங்கள். கசிவு மின்சாரத்துக்கான பிரேக்கர் விழுந்தால் அதை மறுபடி ஏற்றிப் பார்க்கும் வேலை வேண்டாம். எல்லாம் அமைதியாக இருந்தால் ஆன் செய்து பயாஸ் திரை வருகிறதா பாருங்கள். தேதியும் நேரமும் தவறாக இருக்கும், அது சகஜம். வந்துவிட்டால் அணைத்து, அடுத்த ராம், மறுபடி ஆன். அப்புறம் எஸ்எஸ்டி. கடைசியில்தான் கிராபிக்ஸ் கார்டு. இப்படி ஒன்றொன்றாகப் போனால் எது கெட்டது என்று தேடவே வேண்டியிருக்காது, எதைச் சேர்த்ததும் நின்றதோ அதுதான். விண்டோஸ் வருகிறது என்று பார்த்த பிறகு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து தொடங்கி ஒரு இரவு ஓடவிடுங்கள், ராமிலும் அதன் ஸ்லாட்டிலும் இருக்கும் கோளாறு அதில் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

---

தென்றல்காற்று எழுதியது:

ஓடுகிறது! நீங்கள் சொன்ன வரிசையிலேயே போனேன், கிராபிக்ஸ் கார்டும் வேலை செய்கிறது. பிட்லாக்கர் சாவி கேட்டது, கையில் இருந்ததால் தப்பித்தேன். ஒரே ஒரு குறை, கேபினெட்டின் முன்பக்க யூஎஸ்பி போர்ட் இரண்டும் விட்டுவிட்டு வேலை செய்கின்றன, மவுஸ் செருகினால் வந்து வந்து போகிறது. பின்பக்கப் போர்ட்டுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. பரவாயில்லை என்று விட்டுவிடலாமா?

---

பழுதுபார்ப்பவன் எழுதியது:

விடாதீர்கள், இதில் காரணம் இருக்கிறது. முன்பக்க யூஎஸ்பி கேபிள் மதர்போர்டின் கீழ் ஓரத்தில் ஒரு ஹெடரில் (நீட்டிக்கொண்டிருக்கும் பின் வரிசையில்) செருகியிருக்கும், மேலே இருந்து வழிந்த தண்ணீர் வந்து தேங்கும் இடமும் அதுதான். பல போர்டுகளில் அந்த ஹெடருக்கு ஸ்டாண்ட்பை 5 வோல்ட் போகும், அதாவது கம்ப்யூட்டர் நின்ற பிறகு யூபிஎஸ் ஓடிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அந்தப் பின்களில் கரண்ட் இருந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபிளைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள், ஒன்றிரண்டு மட்டும் மங்கலாகவோ பச்சையாகவோ இருக்கும் என்று நினைக்கிறேன். டிஸ்டில்ட் வாட்டர், ஆல்கஹால், பிரஷ், அதே முறையில் ஹெடரையும் கேபிள் முனையையும் சுத்தம் செய்து நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். கேபினெட்டின் முன்பக்கம் போர்ட் இருக்கும் குட்டி போர்டையும் கழற்றிப் பாருங்கள், அதுவும் நனைந்திருக்கலாம்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் அந்தக் கேபிளை ஹெடரிலிருந்து கழற்றியே வைத்துவிடுங்கள். அரித்த கேபிள் முனை 5 வோல்ட்டோடு மதர்போர்டில் தொங்கிக்கொண்டிருப்பதைவிட, பின்பக்கப் போர்ட்டில் ஒரு நீளமான யூஎஸ்பி ஒயர் போட்டு முன்னால் கொண்டுவந்துவிடலாம்.

---

தென்றல்காற்று எழுதியது:

நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு பின் பச்சையாக இருந்தது. சுத்தம் செய்து மாட்டிவிட்டேன், இப்போது ஒரு போர்ட் நிலையாக இருக்கிறது, மற்றது வரவில்லை. கேபிளைக் கழற்றிவிட்டு நீள ஒயர் போட்டுக்கொள்கிறேன்.